யூபிங்கின் கையும் இடித்தேவன் கொடியும்

சந்தையில் என் டோஃபு கடைக்கு அடுத்தது கோங் யூபிங்கின் பன்றிக்கறிக் கடை. அரைப் பன்றியைத் தோளில் சுமந்து வந்து பலகையில் போட்டுத் தனியாகவே வெட்டுவாள். வயது முப்பதைத் தாண்டிய ஒரு குளிர்காலத்தில் அவள் விரல் மூட்டுகள் வீங்கிச் சிவந்தன. வெந்நீரில் ஊறவைத்தால்தான் கை மடங்கும். ஒருநாள் காலையில் வெட்டுக்கத்தி நழுவி அவள் பாதத்துக்கு அருகில் விழுந்தது. அதோடு கடையை அடைத்தாள்.

மருத்துவமனையில் முதலில் கொடுத்த மாத்திரைகள் ஈரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூலிகைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நானும் துணைக்குப் போனேன். டாக்டர் மியாவ் எதையும் மறைக்கவில்லை.

"உன் எதிர்ப்புச் சக்தி உன் மூட்டையே எதிரின்னு நினைச்சுத் தாக்குது. இடித்தேவன் கொடி மாத்திரை அதை அடக்கும். ஆனா மாதவிலக்கு நின்னுபோகலாம், திரும்ப வராமலும் போகலாம். அடிக்கடி ரத்தப் பரிசோதனை பண்ணணும். குழந்தை வேணும்னா இது வேண்டாம்மா."

அந்தக் கொடி எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும். அதன் வேர்ப்பட்டையை அரைத்துக் கீரைப்பாத்தியில் பூச்சிக்குத் தெளிப்போம். தெரியாமல் தின்று செத்தவர்களும் உண்டு.

விஷயம் யூபிங்கின் மாமியார் காதுக்கு எட்டியது. மஞ்சள் நிற ஹுவாங்ச்சி வேரைப் போட்டுக் கோழி ரசம் வைத்துத் தூக்குடன் வந்து நின்றாள்.

"பூச்சிமருந்தையா திங்கப்போறே? இதைக் குடி. எதிர்ப்புச் சக்தி ஏறும். உடம்பு தேறினா பேரன் தானா வருவான்."

"அத்தை, என் படையே என் வீட்டுக்குள்ள பூந்து அடிக்குது. நீங்க அதுக்குக் கோழி அடிச்சு விருந்து வெக்கறீங்களே!"

"வாய் மட்டும் வீங்கலை உனக்கு!"

புருஷன் தெங் ஹாய் லாரி ஓட்டுபவன். அன்று மெல்ல இழுத்தான்: "அம்மா சொல்றதையும் கொஞ்சம் யோசிச்சு..."

"தினம் என் சட்டைப் பொத்தானை யார் மாட்டிவிடறது?" என்றாள் யூபிங். "நீதானே? அப்ப நீயுமா யோசிக்கணும்? பொறக்கிற பிள்ளையை எந்தக் கையால தூக்குவேன்? எனக்கு என் கை வேணும்."

அவன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தான். மாமியார் தூக்கை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். அதன்பின் வெகுகாலம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வீக்கம் வடிய மாதக்கணக்கானது. வசந்தத்தில் யூபிங் கடையைத் திறந்தாள். கோடையில் அவளுக்கு மாதவிலக்கு நின்றது. அன்று என் கடைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். யாரோ விலா எலும்பு கேட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வெட்டிக் கொடுத்தாள். பிறகு ரத்தத்தில் வெள்ளணு குறைந்து, நெஞ்சுச்சளி பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் மியாவ் கொடி மாத்திரையை நிறுத்தி வேறொன்றுக்கு மாற்றினார். இரண்டு விரல்கள் கோணலாகவே நின்றுவிட்டன. மாதவிலக்கு திரும்பவில்லை.

மருத்துவமனையில் மூலிகைப் பிரிவுக்கு விழா எடுத்தார்கள். குணமானவர்கள் பேசவேண்டுமாம். அவர்கள் எழுதிக் கொடுத்ததை யூபிங் மேடையில் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இதுல அமிர்தம்னு போட்டிருக்கு. நான் சாப்பிட்டது அமிர்தமில்லை, விஷக்கொடி. என் கையைக் கொடுத்தது, என் பிள்ளையை எடுத்துக்கிட்டது. ரெண்டையும் முன்னாடியே சொன்னாங்க, தெரிஞ்சுதான் முழுங்கினேன். உங்ககிட்ட யாராவது ஒண்ணை மட்டும் சொன்னா எழுந்து வந்துடுங்க."

விழா நடத்தியவர் ஒலிபெருக்கியை வாங்கக் கை நீட்டினார்.

"இருங்க, இன்னும் முடிக்கலை," என்றாள் யூபிங். அவர் இழுத்துப் பார்த்தார். அவள் பிடியிலிருந்து அதை வாங்க முடியவில்லை.