சாம்பல் மூலையில் பூத்த செங்காந்தள்

வேடசந்தூர் பக்கம் ஒரு செங்காந்தள் தோட்டத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருஷம் இது நடந்தது. செங்காந்தள் விதை மருந்துக்குப் போகிறது. தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலையில் பூ விரிந்ததும் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தொட்டு வைக்க வேண்டும். எங்கள் எட்டுப் பெண்களுக்கும் அதுதான் வேலை. செடி முழுக்க விஷம், கை கழுவாமல் தூக்குச்சட்டியைத் திறக்க மாட்டோம்.

அந்த வருஷம் கொடி கம்பியைத் தாண்டி வளர்ந்தது. இலை கரும்பச்சை. பூவைத்தான் காணோம்.

"இலையத் தொட்டு வச்சுப் பாப்பமாடி?" என்றாள் உடன் வேலை செய்த ராசாத்தி.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு தடவை யூரியா போடுவது, அப்படியும் பூக்காவிட்டால் கிழங்கைத் தோண்டிவிட்டு மக்காச்சோளம் விதைப்பது என்று தோட்டத்து முதலாளி செல்வராசு அண்ணன் முதல் நாள்தான் சொல்லியிருந்தார். மக்காச்சோளத்துக்கு நாங்கள் எதற்கு?

மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு மூலையில் மட்டும் நிறையப் பூ இருந்தது. அவர் வீட்டு அடுப்புச் சாம்பலை அங்கேதான் கொட்டுவார்கள். யூரியா வீசுகிறவர்கள் அதுவரை போவதில்லை. நாலு நாளாகவே இதைக் கவனித்திருந்தேன். ஆனால் முதலாளி முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது.

தொட்ட பூ எதுவென்று தெரியக் காம்பில் நூல் கட்டுவது என் பழக்கம். அன்று நூலுக்குப் பதில் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துக் கட்டினேன்.

மறுநாள் யூரியா மூட்டையோடு வந்த செல்வராசு அண்ணன் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"யாரு தாயி, தோட்டத்துல வேட்டியக் காயப்போட்டது?"

ராசாத்தி என்னை முன்னால் தள்ளினாள்.

"நாந்தேண்ணே. தொட்ட பூவுக்கெல்லாம் கட்டிருக்கேன்."

"அம்புட்டும் அந்த ஒரு மூலையிலயா?"

"அங்கிட்டுத்தேன் சாம்பல் விழுகுது. யூரியா விழுகல."

அவர் அந்த மூலைக்குப் போய்ப் பூவையும் சாம்பலையும் பார்த்தார். பிறகு உரக்கடைக்குப் போன் போட்டார். யூரியாவின் தழைச்சத்து மிஞ்சினால் கொடி இலையாகவே ஓடும், பூவுக்கும் காய்க்கும் சாம்பல்சத்து வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். யூரியா மூட்டை பிரிக்காமலே திரும்பிப் போனது; அதற்குப் பதில் சாம்பல்சத்துள்ள பொட்டாஷ் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இலைப் பச்சையைப் பார்த்து மயங்காதீர்கள். பூ எங்கே இருக்கிறது, அங்கே மண்ணில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததை என்னைப் போல நாலு நாள் மனசுக்குள் வைத்திருக்காதீர்கள்.

மூன்றாவது வாரம் எங்கள் எட்டுப் பேருக்கும் நிமிர நேரமில்லை. கட்டத் துணி தீர்ந்துபோனது. செல்வராசு அண்ணனே வீட்டுக்குப் போய் ஒரு வேட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"கிழி தாயி. பத்தாட்டி இன்னொண்ணு இருக்கு."