தனியாள் வரிசையில் டெல்பெர்ட்

மூன்று பேராக வருகிற குடும்பங்களை எனக்குப் பிடிக்காது. தனிப்பட்ட பகை ஒன்றும் இல்லை. நான் வேலை பார்க்கும் ரோலர் கோஸ்டரில் ஒரு வரிசைக்கு இரண்டு இருக்கை. மூன்று பேர் வந்தால் ஒரு இருக்கை காலி. காலி இருக்கையோடு வண்டி கிளம்பினால் என் மேலதிகாரி கர்டிஸின் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி ஆகிவிடும். அந்த முகத்தை நாள் முழுக்கப் பார்க்க வேண்டியவள் நான்தான்.

அந்தக் காலி இருக்கையை நிரப்பத்தான் தனியாள் வரிசை இருக்கிறது. பெரிய வரிசை ஒரு பக்கம் வளைந்து வளைந்து வரும். சுவர் ஓரமாக ஒடுக்கமாக வருகிற பாதை தனியாக வருகிறவர்களுக்கு. அதில் நுழைந்தவர்கள் "இவரோடு சேர்த்து உட்கார வை" என்று கேட்கவே கூடாது. எங்கே காலியோ அங்கே போய் உட்கார வேண்டும். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தாலும் ஆளுக்கொரு பக்கம்தான். ஆனால் மற்றவர்கள் இரண்டு மணி நேரம் நின்று வாங்குவதை இவர்கள் பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு வரிசையும் வந்து சேரும் இடத்தில் நின்று காலை முதல் மாலை வரை ஒரே கேள்வியைக் கேட்கிறவள் நான். "எத்தனை பேரு?"

டெல்பெர்ட் ஹட்சின்ஸிடம் நான் அதைக் கேட்டதே கிடையாது. தூரத்தில் வரும்போதே ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டுதான் வருவான்.

டெல் கிஸ்ஸிம்மியில் நீச்சல்குளம் கழுவுகிறவன். எங்கள் ஊரில் சமையலறை இல்லாத வீடு இருந்தாலும் இருக்கும், நீச்சல்குளம் இல்லாத வீடு இருக்காது. அதனால் அவன் பிழைப்புக்குக் குறைவில்லை. வெயில் ஏறுவதற்குள் எல்லாக் குளத்தையும் முடித்துவிட்டு, க்ளோரின் வாசனையோடு, வருடாந்திரப் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் கேளிக்கைப் பார்க்குக்கு வந்துவிடுவான். காலில் வெந்நீர் கொட்டினவன் மாதிரிதான் எப்போதும் நடை. சாண்ட்விச்சை வண்டி ஓட்டிக்கொண்டே தின்பான். சூப்பர் மார்க்கெட்டில் எந்தக் கவுன்டரில் பாட்டிமார்கள் காசோலை எழுதுகிறார்கள் என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்து, அடுத்த கவுன்டருக்குத் தாவிவிடுவான்.

"மிச்சம் பிடிச்ச நேரத்தையெல்லாம் என்னய்யா பண்றே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இன்னொரு தடவை ஏறுவேன்" என்றான்.

அவனுடைய மனைவி அவனை விட்டுவிட்டு டாம்பாவுக்குப் போய்ப் பல காலம் ஆயிற்று. "முத்தம் குடுக்கும்போது கூட இவன் வண்டி எஞ்சினை அணைக்கிறதில்ல" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனாளாம். அதை டெல்லே என்னிடம் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. பக்கத்து இருக்கையில் யார் வந்து உட்கார்ந்தாலும், அடியில் இருக்கும் சங்கிலி வண்டியை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிற நேரத்தில் ஒரு கதை சொல்வான். எல்லாருக்கும் ஒரே கதை. "ஒரு நாள் வின்டர் கார்டன்ல ஒரு வீடு. குளத்தைக் கழுவலாம்னு போனா, தண்ணிக்குள்ள ஒரு முதலை. முதலை முதுகு மேல அந்த வீட்டம்மாவோட மிதவை மெத்தை. மெத்தை மேல என்னன்னா..." அதற்குள் மேட்டின் உச்சி வந்துவிடும். அப்புறம் அலறல்தான். கீழே இறங்கியதும் அவன் ஓடிவிடுவான், கேட்டவர்கள் குடும்பத்தைத் தேடிப் போய்விடுவார்கள். மெத்தை மேல் என்ன இருந்தது என்று தெரியாமல் இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் பேர் திரிகிறார்களோ!

இந்த மனுஷனுக்கு நான்தான் ஜோடி சேர்த்து வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு தேனிலவு ஜோடி வண்டியைப் பார்த்ததும் வெலவெலத்துப்போய்க் கடைசி நொடியில் கழன்றுகொண்டது. ஒரு வரிசை முழுக்கக் காலி. தனியாள் பாதையில் முன்னால் டெல், அவனுக்குப் பின்னால் பூப்போட்ட சட்டையில் ஒரு பெண். "நீ, நீ, போங்க" என்று தள்ளிவிட்டேன். அந்தப் பெண் கிளெண்டா. செயின்ட் க்ளவுட் பக்கம் ஒரு கடையில் பிறந்தநாள் கேக்குகளின் மேல் க்ரீமில் பூப்போடுகிறவள். புருஷன் இறந்து சில வருடம். அன்று அண்ணன் குடும்பத்தோடு ஐந்தாவது ஆளாக வந்து, ஜோடி இல்லாமல் இந்தப் பக்கம் வந்தவள்.

இறங்கும்போது அவள் டெல்லின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இருய்யா, ஓடாதே. மெத்தை மேல என்ன?"

அதற்கப்புறம் ஒரு வருடம் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். கிளெண்டா நிதானமானவள். ஒரு ரோஜாவுக்கு எத்தனை இதழ் வேண்டுமோ அத்தனையும் போட்டால்தான் அவளுக்குத் திருப்தி. ஆனால் இங்கே வந்தால் டெல் இழுத்த இழுப்புக்குத் தனியாள் வரிசைதான். அவன் ஒரு வண்டியில், அவள் அடுத்த வண்டியில். சேர்ந்து வந்து, பிரிந்து ஏறி, வெளியே போய்ச் சேர்ந்துகொள்வார்கள். "நீங்க ரெண்டு பேரும் காதலிக்கிறீங்களா, இல்ல விவாகரத்து வாங்கறீங்களா?" என்று நானே கேட்டிருக்கிறேன். கிளெண்டா சிரிக்க மாட்டாள். அதை நான் கவனித்தேன், டெல் கவனிக்கவில்லை.

ஒரு ஜூலை மாதப் பிற்பகல். பெரிய வரிசையின் பலகையில் காத்திருப்பு நேரம் நூற்றுப்பத்து நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது. தனியாள் பாதையில் டெல், பின்னால் கிளெண்டா. டெல் கையை இரண்டு பைக்குள்ளும் விட்டுக்கொண்டு, குளித்துவிட்டு வந்தவன் மாதிரி வியர்த்திருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணை ஒரு மாதிரி உருட்டினான். புருவத்தைத் தூக்கினான். தலையைப் பின்னால் கிளெண்டா பக்கம் வெட்டினான்.

"கண்ணுல என்னய்யா, கொசுவா?" என்றேன்.

"பெர்னி" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்... நாங்க ரெண்டு பேரும்... ஒரே..."

கர்டிஸ் எனக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். "சேர்ந்து உட்காரணும்னா பெரிய வரிசைக்குப் போகச் சொல்லுங்க" என்றான். ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஊரே அந்தப் பாதையில் வந்து கெஞ்சும். நானும் அதைத்தான் சொன்னேன். விஷயம் என்னவென்று தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து ஒஹையோவிலிருந்து ஒரு மூன்று பேர் குடும்பம் வந்து நின்றது. அம்மாவும் மகளும் ஒரு வரிசை. பின்னால் அப்பா, வான்கோழி போன்ற கழுத்தோடு, தனியாக. "ஒத்தை ஆள்!" என்று கத்தினேன். டெல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த மனுஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கிளெண்டா அடுத்த வண்டியில் போனாள்.

மீதியை வெளியே புகைப்படக் கவுன்டரில் இருக்கும் லூப்பே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெரிய சரிவில் ஒரு கேமரா இருக்கிறது. அலறுகிற முகங்களைப் படம் பிடித்து, வெளியே வரும் வழியில் திரையில் காட்டும். அங்கே கையை உயர்த்துவது எல்லாருக்கும் வழக்கம். டெல் அழியாத மையால் இடது உள்ளங்கையில் "என்னைக்" என்றும், வலது உள்ளங்கையில் "கட்டிக்கோ" என்றும் எழுதிக்கொண்டு வந்திருந்தான். கிளெண்டா பக்கத்தில் இருப்பாள், படத்தில் பார்ப்பாள் என்பது கணக்கு. சரிவு வந்ததும், பாவம், கை தானாக உயர்ந்துவிட்டது. எத்தனை வருடப் பழக்கம்!

திரையில் டெல்லும் வான்கோழிக் கழுத்துக்காரனும். டெல் இரண்டு கையையும் விரித்துக் கட்டிக்கோ என்கிறான். பக்கத்தில் அந்த ஆள் வாயைப் பிளந்துகொண்டு அவனையே பார்க்கிறான்.

"யாரு இந்த ஆளு?" என்றாளாம் அவன் மனைவி.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா! முதலையைப் பத்தி ஏதோ சொன்னாரு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ "கட்டிக்கோய்யா, நல்ல ஆளாத் தெரியறாரு" என்று கத்தினார்கள். அந்தக் குடும்பம் படத்தை இரண்டு பிரதி வாங்கியது. டெல் திரைக்கு முன்னால் நின்று அதை உடம்பால் மறைக்கப் பார்த்தான். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டது, கிளெண்டா இறங்கி வந்துவிட்டாள்.

அவள் படத்தைப் பார்த்தாள். டெல்லின் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் படித்தாள்.

"டெல்பெர்ட்" என்றாள். முழுப்பேர் வந்தால் ஆபத்து என்று அவனுக்குத் தெரியும். "ஒரு வருஷமா உன்னோட இங்க வரேன். உன் பக்கத்துல ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்திருக்கேன். அதுவும் நீ யாருன்னே தெரியாதப்ப."

டெல் மற்றக் கையைப் பைக்குள் ஒளித்தான்.

"பதில் வேணுமா? பெரிய வரிசையில என்னோட நில்லு. வரிசை முடியிற இடத்துல சொல்றேன்."

"பெரிய வரிசையா? கிளெண்டா, நூத்திப்பத்து நிமிஷம்! இப்பவே சொல்லிட்டா என்ன? சொல்லிட்டு வேணும்னா நிக்கலாம்."

"இப்பவே வேணும்னா இருக்கவே இருக்கு ஒரு பதில். அது உனக்குப் பிடிக்காது."

டெல் நின்றான். பெரிய வரிசையில் அவனை இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. கழிவறை வாசலில் காத்திருக்கிறவன் மாதிரி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது, வானம் கறுத்தது. எங்கள் ஊரில் கோடையில் மழை பிற்பகலில் வேலைக்கு வருகிற மாதிரி வரும். மின்னல் வெட்டினால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். நான் வரிசைக்குள் இறங்கி அறிவித்தேன். "எப்போ திறப்போம்னு சொல்ல முடியாது. போறவங்க போகலாம்."

பாதிப் பேர் போய்விட்டார்கள். டெல் முதல் மேகத்தைப் பார்த்ததுமே காருக்குப் போகிறவன். நான் அவன் பக்கத்தில் வந்தபோது அவன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் இப்போது போனால் அவ்வளவுதான், அவள் இனி வரமாட்டாள். அது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனாலும் அவள் அவனைத் தடுக்கவில்லை. கம்பியில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல் பெருமூச்சு விட்டான். தரையில் உட்கார்ந்தான். பிறகு கால்களை நீட்டினான். அவன் கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வின்டர் கார்டன்ல ஒரு வீடு" என்றான்.

கிளெண்டாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதலை, மெத்தை, அதெல்லாம் தெரியும். மேல சொல்லு."

நான் மற்றவர்களுக்கும் அறிவிக்க வேண்டியிருந்ததால் நகர்ந்தேன். திரும்பி வரும்போது வரிசையில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சுற்றில் போனபோது சிரிப்பு நின்றிருந்தது. டெல் அவளிடம் மட்டும் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். டாம்பா என்ற பெயர் என் காதில் விழுந்தது. கிளெண்டா அவன் கையைப் பிடித்திருந்தாள். மை எழுதிய கை.

மழை விட்டு, தண்டவாளத்தைச் சோதித்து, வண்டி மறுபடி ஓடத் தொடங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. வரிசை மெல்ல நகர்ந்து அவர்களை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. வரிசை முடிகிற இடம் நான்தான். பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். கர்டிஸ்கூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வேறு கேள்வி தெரியாது. "எத்தனை பேரு?" என்றேன்.

டெல் என்னைப் பார்த்தான். பயத்தில் முழி பிதுங்கியிருந்தது. கை தானாக மேலே வந்தது. ஒற்றை விரல்.

கிளெண்டா அந்தக் கையைப் பிடித்தாள். மடங்கியிருந்த அடுத்த விரலை, கேக்கிலிருந்து மெழுகுவத்தியை எடுக்கிற பக்குவத்தோடு, நிமிர்த்தி விட்டாள்.

"ரெண்டு பேரு, பெர்னி" என்றாள். "இனிமே எப்ப வந்தாலும் ரெண்டு பேருதான்."

டெல்லுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த ஒரு விஷயத்தில்தான் அவன் மெதுவாக இருந்தான். புரிந்ததும் அவன் அழுத அழுகையில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. "ரெண்டாவது வரிசை, போய்த் தொலைங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்று கத்தி அனுப்பினேன்.

மெத்தை மேல் என்ன இருந்தது என்று கிளெண்டாவிடம் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். "வரிசையில வந்து நில்லு, சொல்றேன்" என்கிறாள். எனக்கு ஏது லீவு?

இப்போதும் வருகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் திறந்த நேரம், பார்க்கில் கூட்டமே இல்லை. டெல் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

"என்ன பெர்னி, இருபதே நிமிஷம்னு போட்டிருக்கீங்க? இதுல நாங்க என்னத்தைப் பேசறது?"