பெட்ரோல் முள் சொன்ன பொய்

அந்தக் கார் எங்கள் ஷெட்டுக்கு லாரியில் வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. டேஷ்போர்டை எட்டிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரிந்தது. கறுப்புப் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. வயர்களை எலி கடித்திருந்தது. ஸ்பீடு, பெட்ரோல், சூடு, ஆயில் என்று வரிசையாக மீட்டர்கள், ஒன்றுக்கும் உயிர் இல்லை.

எனக்கு மீட்டர்தான் தொழில். ஒரகடத்தில் கார்களுக்கு மீட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் இருந்தேன். இப்போது வரும் கார்களுக்கு முள்ளே கிடையாது, டிவி மாதிரி ஒரு ஸ்கிரீன். எங்கள் லைனை மூடிவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் வேறு வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். நான் மட்டும் வீம்பாக வடக்குப்பட்டில் வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட் போட்டு, பழைய மீட்டர் ரிப்பேர் என்று போர்டு மாட்டினேன். வந்ததெல்லாம் டிராக்டரும் புல்லட்டும்தான்.

என் மனைவி இன்னொரு கம்பெனியில் ஷிஃப்டில் இருக்கிறாள். வீடு ஓடியது அவள் சம்பளத்தில். "மறைமலை நகர்ல ஆள் எடுக்கறாங்கோ. கான்ட்ராக்ட்னா இன்னா, கம்பெனிதானே? போ" என்று ஒருநாள் விட்டு ஒருநாள் சொல்வாள். எனக்குச் சுர்ரென்று ஏறும். ஷெட் எப்போது படுக்கும் என்று இவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். கடைசியில் ஒரு கெடு வைத்து ஒப்புக்கொண்டேன். இந்தக் கார் நன்றாக வந்தால், அதன் சொந்தக்காரர் பழைய கார் வைத்திருக்கும் தன் சிநேகிதர்களிடம் சொல்வார், ஷெட் பிழைக்கும். சொதப்பினால் அடுத்த மாதம் நான் யூனிஃபார்ம் மாட்ட வேண்டியதுதான்.

அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தேன். டேஷ்போர்டு இரும்புத் தகடு. பெயின்டைச் சுரண்டி, பழையபடியே காய்ந்ததும் சுருக்கம் விழும் கறுப்புப் பெயின்டை அடித்து, வெயிலில் வைத்தேன். மீட்டர்களின் நிக்கல் வளையங்களைக் கழற்றி மெருகேற்றினேன். அழிந்த எண்களை ஒற்றை மயிர் பிரஷ்ஷால் திரும்ப எழுதினேன். ஆறு என்ற எண்ணை மட்டும் எத்தனை முறை அழித்தேன் என்று கேட்காதீர்கள்.

பெட்ரோல் மீட்டர் இதில் ரொம்ப எளிது. உள்ளே இரண்டு செப்புக் கம்பிச் சுருள், நடுவில் முள்ளோடு ஒரு சின்ன இரும்புத் துண்டு. மின்சாரம் ஓடும்போது சுருள் இரண்டும் காந்தமாகி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். எது அதிகம் இழுக்கிறதோ முள் அந்தப் பக்கம் சாயும். அவ்வளவுதான். இரண்டையும் புதுக் கம்பியில் சுற்றினேன்.

டெலிவரி அன்று மனைவி எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்து நின்றாள். "பழத்த நசுக்கினா மீட்டர் ஓடுமா?" என்று கிண்டல் செய்தேன். அவள் பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தாள். நான் கை கழுவப் பின்பக்கம் போய்த் திரும்புவதற்குள் சொந்தக்காரர் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தாம்பரத்தில் இருக்கிறார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி. அந்த வாரமே போன் செய்தார். ஒரகடம் மேம்பாலத்தில் கார் நின்றுவிட்டது, பெட்ரோல் இல்லை, முள் மட்டும் அரை டேங்க் காட்டுகிறது என்றார். பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிப்பது போனிலேயே கேட்டது. கேனோடு ஓடினேன்.

ஷெட்டில் கொண்டுவந்து பார்த்தால் முள் சரியாகக் காட்டியது. அஞ்சு லிட்டர் ஊற்றினால் அதற்குத் தக்கபடி ஏறியது. டேங்குக்குள் இருக்கும் மிதவையைக் குறை சொன்னேன். மாற்றினேன். வயரை மாற்றினேன். அனுப்பினேன். இந்த முறை மணிமங்கலம் ஏரிக்கரையில் நின்றது. முள் அப்போதும் அரை. திரும்ப ஷெட்டுக்கு வந்தால் முள் பச்சைப் பிள்ளை மாதிரி உண்மை பேசியது. தலையைப் பிய்த்துக்கொண்டேன். "தம்பி, இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் சரிப்படலேன்னா கோயம்புத்தூர்ல வேற ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது. மறைமலை நகர் கான்ட்ராக்டர் நம்பரைக்கூட மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது முறை நானும் கேனை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஷெட்டிலிருந்து கிளம்பும்போது முள் கால் டேங்குக்குக் கீழே நின்றது. சரியான கணக்கு. மெயின் ரோடு ஏறியதும் அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"ஒரு நிமிஷம் தம்பி" என்று முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து ஒரு கர்ச்சீப் பொட்டலத்தை எடுத்தார். அதிலிருந்து ஒரு குட்டிப் பிள்ளையாரை எடுத்து, டேஷ்போர்டில் பெட்ரோல் மீட்டருக்கு நேர்மேலே வைத்தார். பிள்ளையார் டக்கென்று ஒட்டிக்கொண்டார். தூக்கத்தில் உதை வாங்கியவன் மாதிரி முள் எழுந்து அரைக்கு மேல் போய் நின்றது.

"சார், அத எடுங்க."

"எத?"

"பிள்ளையார."

எடுத்தார். முள் விழுந்தது. வைத்தார். எழுந்தது. ரோட்டோரத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் பிள்ளையாரை எடுப்பதும் வைப்பதுமாக விளையாடினோம். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு இவ்வளவு நாள் அலைந்ததை நினைத்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நீங்க சர்ச்சுக்குப் போறவராச்சே சார், இது ஏது?"

"உங்க வீட்டம்மாதான் முதல் நாள் கொடுத்தாங்க. இந்த இடத்துல வைக்கணும்னு சொன்னாங்க. அம்மா சொன்ன இடத்துலயே வெச்சிருக்கேன். ஒர்க்‌ஷாப்புக்கு வந்தா மட்டும் எண்ணெய்க் கை படக்கூடாதேன்னு எடுத்து உள்ள வெச்சிடுவேன்."

பிள்ளையாரை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு காந்தம். சுற்றிலும் சாம்பல் நிறப் பசை, அதில் அழுந்திய ஒரு கட்டைவிரல் ரேகை. என் விரல்தான். எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் பிள்ளையார் அவர். கதவைச் சாத்தும்போதெல்லாம் விழுகிறார் என்று மனைவி புலம்பியதால், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து இந்தக் காந்தத்தைக் கழற்றி நான்தான் ஒட்டினேன். ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் அவள் தினமும் அவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்ப ஷெட்டுக்குப் போனோம். "அவங்க கொடுத்ததை நான் இறக்க மாட்டேன்" என்று அவர் அடம்பிடித்தார். காந்தத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு டேப் போட்டுப் பிள்ளையாரை அதே இடத்தில் ஒட்டினேன். முள் அசையவில்லை. கிளம்பும்போது, சிநேகிதர் ஒருவரின் கார் மீட்டர்களையும் அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொன்னார்.

வீட்டுக்குள் போய் பீரோ முன் நின்றேன். பெயின்ட் மங்கிய கதவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் பளிச்சென்று பச்சையாக இருந்தது. அதற்கு மேலே பழைய குங்குமம். தினமும் அந்தக் கதவைத் திறந்துதான் சட்டை எடுக்கிறேன். பிள்ளையார் இல்லாதது ஒருநாளும் கண்ணில் படவில்லை. கையிலிருந்த காந்தத்தை அந்த வட்டத்தில் வைத்தேன்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த மனைவி பையை இறக்கும்போதே அதைப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது.

"அப்போ நான் வெச்சதுதான் கெடுத்துச்சா?"

"காந்தம் நான் ஒட்டுனது. சாமி மேல தப்பில்ல, உன் மேலயும் இல்ல."

சேரில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். நான் கேட்டேவிட்டேன்: "கம்பெனிக்குப் போ, போன்னு சொல்லிக்கினே இருந்தியே. அப்புறம் எதுக்கு உன் சாமியத் தூக்கி அந்தக் கார்ல வெச்ச?"

லன்ச் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னாள்: "கம்பெனிக்குப் போன்னுதான் சொன்னேன். தோத்துட்டுப் போன்னா சொன்னேன்?"