கழுதைப்புலிக்குச் சிங்களத்துல என்ன பேரு

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நான் டீச்சரா இருந்தேன். வடக்குல சண்டை நடந்துக்கிட்டிருந்த வருஷங்கள். பலாங்கொடையில விஞ்ஞானக் கண்காட்சின்னு சொன்னாங்க. ஆபிரிக்கா மிருகங்களைப் பெரிய பெரிய தாள்ல வரைஞ்சேன். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கழுதைப்புலி. முன்னங்கால் நெட்டை, பின்னங்கால் குட்டை, முதுகு சரிவா இறங்கும், உடம்பெல்லாம் புள்ளி. கீழே கொட்டை எழுத்துல எழுதினேன்: 'கழுதைப்புலி. கூட்டமாக வாழும். இரவில் வேட்டையாடும். எலும்பையும் நொறுக்கித் தின்னும். பெண்ணே தலைவி.'

எனக்குப் புத்தி வேணாமா? அந்தக் காலத்துல புலின்னு எழுதின தாளைச் சுருட்டிக்கிட்டு பஸ் ஏறினேன்.

வழியில செக்பொயின்ட்டுல எல்லாரையும் இறக்கினாங்க. தாளை விரிச்ச பொலிஸ்காரருக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் தெரியும் போல. விரலை வச்சு, "பு... லி..."ன்னு கூட்டி வாசிச்சார். மூஞ்சி மாறிப்போச்சு. இது என்னன்னு சிங்களத்துல கேட்டார்.

சின்ன வயசுலேருந்து சிங்களம் பேசுறவதான் நான். ஆனா அந்த மிருகத்துக்குச் சிங்களத்துல என்ன பேரு? கழுதைன்னா பூருவா, புலின்னா கொட்டியா. ரெண்டையும் ஒட்டி, "பூரு கொட்டியா, மாத்தயா"ன்னுட்டேன். என் வாயாலேயே கொட்டியான்னு சொல்லிட்டேன். கூட்டமா இருக்கும், இரவுல வரும், பொம்பளைதான் தலைவி. எழுதினது அத்தனையும் என்னைப் பத்தி எழுதின மாதிரியே இருந்துச்சு. கூட்டிக்கிட்டுப் போனா எப்ப விடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது.

"இவளை யாருக்காவது தெரியுமா?"ன்னு கேட்டார். என் பக்கத்துல நின்னவ எங்க பள்ளிக்கூடத்து டீச்சர்தான். ஏழு வருஷமா என் சோத்துல கை வச்சுச் சாப்பிட்டவ. குனிஞ்சுக்கிட்டே, "தன்னே நே"ன்னா. தெரியாதாம்.

அப்புறம் உள்ளேருந்து வயசான சார்ஜன்ட் ஒருத்தர் வந்து படத்தை உத்துப் பார்த்தார். "இது ஹயினா. டீவியில காட்டுறாங்களே"ன்னு சிங்களத்துல சொல்லிச் சிரிச்சார். தாளைச் சுருட்டி என் கையில கொடுத்து, பஸ்ஸுல ஏறச் சொன்னார்.

பஸ்ஸுக்குள்ள அவ என் கையைப் பிடிச்சா. அழுதுட்டா.

"எனக்குப் பிள்ளைங்க இருக்குதுங்கடி."

எனக்கும் ரெண்டு இருக்குதுங்க. அவ வகுப்புலதான் படிச்சுச்சுங்க.