பக்கத்தை நகர்த்தியது யார்?

இணையப் பக்கம் செய்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: தப்பு செய்தவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆம்பூரில் எனக்கு அந்த வசதியும் வாய்க்கவில்லை.

பிள்ளைகள் காலேஜுக்குப் போனதும், வீட்டில் அதட்ட ஆளில்லாமல், கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. கான்வென்ட் இங்கிலீஷை நம்பி, காதர் பாய் தன் ஷூ கம்பெனியின் வெப்சைட்டை என்னிடம் கொடுத்தார். வீட்டிலிருந்தே வேலை. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, மேலே படியுங்கள். உங்களைவிட மோசமாக ஒருத்தி இருந்தாள் என்று ஆறுதல் கிடைக்கும்.

ஒரே அடியில் நின்ற பக்கம்

பாய்க்கு ஓர் ஆசை. பக்கத்தைத் திறந்ததும் அது தானாக மெல்லக் கீழே நகர்ந்து ஒவ்வொரு மாடலாகக் காட்ட வேண்டும். பார்ப்பவர் தன் கையால் நகர்த்தினால் உடனே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். இது என்ன பெரிய வித்தை? பக்கம் நகர்ந்தால் யாரோ தொட்டார்கள் என்று அர்த்தம், நிறுத்து என்று எழுதிவிட்டேன்.

ஆனால் ஆள் நகர்த்தினாலும் நான் எழுதிய புரோகிராம் நகர்த்தினாலும் பிரவுசர் சொல்வது ஒரே சேதிதான்: "நகர்ந்தது." யார் நகர்த்தியது என்று அது சொல்லாது. என் புரோகிராம் பக்கத்தை ஒரு மயிரிழை நகர்த்தும். நகர்ந்தது என்று சேதி வரும். யாரோ தொட்டுவிட்டார்கள் என்று தானே நின்றுவிடும். நான் போனில், "யாரோ மவுஸைத் தொடுறீங்க, கையை எடுங்க முதல்ல" என்று கத்தினேன். பாய் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், நான் கையைக் கட்டிக்கிட்டுதான் நிக்கிறேன். உங்க பேஜு தன்னைப் பார்த்துத் தானே பயப்படுது."

கீழே தள்ளிய பக்கம்

திருத்தினேன். என் புரோகிராம் ஓடும்போது எந்த நகர்வையும் கண்டுகொள்ளாதே என்று எழுதினேன். இப்போது பக்கம் அழகாக ஓடியது. மேலே போக நினைத்தவரைத்தான் விடவில்லை.

மேல்விஷாரத்திலிருந்து ஓர் ஏஜென்ட் கூப்பிட்டார், வயதானவர். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கிருந்து மாடல் பொறுக்கித் தருகிறவர். "அவசரப்படாம மவுஸை மெதுவா பிடிங்க சார்" என்று அவருக்கே பாடம் எடுத்தேன். அவர் சொன்னார்: "முதல்ல இருக்கிற கறுப்பு ஷூவைப் பார்க்கணும்மா. உங்க பேஜு, பந்தியில பாதி சாப்பாட்டுல எழுப்பி விடுற மாதிரி தள்ளிக்கினே இருக்குது."

சக்கரம்

அடுத்துதான் என் மூளை வேலை செய்தது. நகர்வைப் பார்க்காதே, விரலைப் பார். மவுஸின் சக்கரம் சுழன்றால் அது மனிதர். சுழலாமல் நகர்ந்தால் அது புரோகிராம். என் வீட்டில் பிரமாதமாக ஓடியது. தலைக்கனம் ஏறி, கேட்காத வேலை ஒன்றையும் சேர்த்தேன்: சக்கரத்தைச் சுழற்றி எந்த மாடலில் வந்து நிற்கிறார்கள் என்ற கணக்கு. தானாக ஓடிக் காட்டியதெல்லாம் பார்வையில் சேராது.

பக்கத்தின் கடைசியில் ரெஹானாவின் செருப்பு இருந்தது. தையல் வரிசையிலிருந்து, புது மாதிரிகள் செய்து பார்க்கும் சாம்பிள் ரூமுக்கு வந்த பெண். வெட்டி மிஞ்சிய தோலை வாராகப் பின்னிச் செய்திருந்தாள். வெளிநாட்டுக்குப் போகும் சாம்பிள் பார்சலில் அது ஏறினால் அவளுக்கு டிசைனர் வேலை, இல்லாவிட்டால் பழையபடி தையல் வரிசை என்று பாய் சொல்லியிருந்தார். எதை ஏற்றுவது என்று அவர் என் கணக்கைக் கேட்டார். கொடுத்தேன். அவளையும் போனில் கூப்பிட்டு, "உன் செருப்பை ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. ஆசைப்பட்டா போதுமா, கை நேர்த்தி வேணும்" என்றேன். கேட்டார்களா என்னை? ரெஹானா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சரிக்கா. ஏஜென்ட்டுங்க ரெண்டு பேரு வேற கலர்ல கிடைக்குமான்னு கேட்டாங்க. சும்மா கேட்டிருப்பாங்க போல."

தூசு

அந்த வாரமே பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷெட்டுக்குப் போனேன், பக்கம் எப்படி ஓடுகிறது என்று பெருமையாகப் பார்க்க. தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஆபீஸ். கம்ப்யூட்டர் மேலெல்லாம் மாவு மாதிரி தோல் தூசு. அங்கிருந்த ஏஜென்ட் பக்கம் தானாக ஓடி முடிகிறவரை காத்திருந்தார். பிறகு திரையின் ஓரத்துப் பட்டையைப் பிடித்து மேலே போய், திரும்பவும் கீழே இழுத்து, ரெஹானாவின் செருப்புக்கு வந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான். பக்கத்துச் சீட்டுக்காரர் கீபோர்டில் அம்புக்குறியைத் தட்டித் தட்டி அதே இடத்துக்கு வந்தார். என் கணக்கில் இருவரும் இல்லை.

"சக்கரத்தைச் சுத்த மாட்டீங்களா?" என்றேன். ஏஜென்ட் சிரித்தார். "அது சுத்தி எவ்ளோ நாளாச்சு. தூசு உள்ளே பூந்தா பேஜார்தான். இந்தப் பக்கம் எல்லா ஆபீஸ்லயும் இப்படித்தாம்மா."

சாம்பிள் ரூம்

பஸ் பிடித்து நேராக ஆம்பூர் கம்பெனிக்குப் போனேன். பார்சல் காலையிலேயே கிளம்பியிருந்தது. கணக்கு தப்பு, தப்பு என்னுடையது என்று பாயிடம் எல்லோர் எதிரிலும் சொன்னேன். அடுத்த சீசன் பார்க்கலாம் என்றார். ரெஹானா சாம்பிள் ரூமில் தன் கத்தரிக்கோலையும் டிபன் பாக்ஸையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள், எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்றேன்.   அவள் பையின் ஜிப்பை இழுத்தபடி சொன்னாள்: "பார்சல் போய்டுச்சுக்கா. இனிமே யாரு பார்த்தா இன்னா?"

இப்போது நான் செய்கிற எந்தப் பக்கமும் தானாக நகர்வதில்லை. மனிதர் எது, புரோகிராம் எது என்று பிரித்துச் சொல்கிற கெட்டிக்காரத்தனம் எனக்கு இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு பெண்ணின் வேலை செலவாகியிருக்கிறது.