கதவு பூட்டியிருந்த மூன்று நாட்கள்

இந்தோனேசியாவின் டாங்கெராங் நகரில், காலணி ஆலையில் பசை ஒட்டும் வரிசையில் ஒன்பது வருஷம் நின்றவள் ருமினி. பசை நெடியில் இரண்டு பெண்கள் சுருண்டு விழுந்தபோது, பூட்டிக்கிடந்த பின்கதவைக் கம்பியால் நெம்பித் திறந்தாள். வேலையை விட்டு ஓடினாள் என்று நிர்வாகம் சீட்டைக் கிழித்தது. மூன்று நாள் அந்தக் கதவு பூட்டியிருந்தது. எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று நிரூபித்தால் வேலை திரும்பும். இல்லையென்றால் இல்லை.

அந்த வாரமே நான்கு தாளில் பென்சிலால் எழுதிவிட்டாள். கோணல் எழுத்துதான். ஆனால் தேதி, மணி, சாவி வைத்திருந்தவன் பெயர் எல்லாம் இருந்தது. அதைத் தொழிலாளர் அலுவலக அதிகாரியிடம் நீட்டக் கூச்சம். கூட வேலை பார்க்கும் விவி சொன்னாள்:

"போட்டோ எடுத்து என் போன்ல ஏத்துறேன்க்கா. அதுல இருக்கிற ஏஐ திருத்தி ஆபீசர் மாதிரி எழுதிடும்."

எழுதியது. வழவழவென்றிருந்தது. பெருமையோடு கையெழுத்துப் போட்டாள். பழைய தாளை, எல்லோரும் செய்வதுபோல, தெருமுனைப் பலகாரக்காரியிடம் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிட்டாள். சாட்சி சொன்ன ஆறு பேருக்கும் விவியே ஏற்றிக் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை விசாரணை. சமரச அதிகாரி ஹெர்யாந்தோ தாளைத் தட்டினார்.

"'பணிச்சூழலில் சில சிரமங்கள் ஏற்பட்டன.' என்னம்மா இது? கதவு எங்க? ஏழு பேரும் இதே வரி! யார் சொல்லிக் குடுத்தது?"

"போன் திருத்திச்சுங்க ஐயா."

கம்பெனி வக்கீல் சிரித்தான். "அப்போ போனையே கூண்டுல ஏத்திடலாம்."

"இப்பவே கையால எழுதிக் குடும்மா," என்றார் அதிகாரி. "பதினொன்றரைக்குத் தொழுகைக்குப் போயிடுவோம். அதுக்கப்புறம் வாங்க மாட்டேன்."

நடைபாதையில் குந்தி, தொடைமேல் தாளை வைத்து எழுதினாள். நெடி வந்தது, விழுந்தவர்கள் முகம் வந்தது, கம்பி வந்தது. நாள் வரவில்லை. செவ்வாயா? புதனா? ஆறரையா, ஏழா? விவிக்கும் நினைவில்லை, மற்ற சாட்சிகளுக்கும் நினைவில்லை.

"விவி, தாள போட்டோ எடுத்தியே, அது எங்கடி?"

"போன்ல இடமில்லன்னு அன்னைக்கே அழிச்சிட்டேன்க்கா." விவி தாளை எட்டிப் பார்த்தாள். "ஏதாவது ஒரு தேதியப் போடேன்!"

"போட்டு, அது லீவு நாளா இருந்தா? பொய்க்காரின்னு அங்கேயே முடிச்சிடுவான்."

பள்ளிவாசலில் ஒலிபெருக்கி கரகரத்தது. குமாஸ்தா மேசைகளைப் பூட்ட ஆரம்பித்தான். ருமினி கடைசி வரியை எழுதினாள்: 'தேதியும் மணியும் எனக்கு நினைவில்லை.'

வக்கீல் மற்றதைப் படிக்கவே இல்லை. அந்த வரியை மட்டும் பேனாவால் அடிக்கோடிட்டு, அதிகாரி பக்கம் திருப்பி வைத்தான்.