பன்னிரண்டாம் நாற்காலிக்குப் பக்கத்துத் தரை

சவரிமுத்துவின் கால்களைக் கழுவ மறுத்தார்கள். பெரிய வியாழன் அன்று, நம் கோவிலில், இயேசு சீடர்களுக்குச் செய்தது போலச் சாமியார் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார்ந்திருந்தவரை, கால் சரியில்லை என்று எழுப்பி அனுப்பினார்கள். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். அவர் அடக்கத்தன்று பங்கு மக்கள் நீங்கள் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்று புகழ்ந்தீர்கள். அவர் எதைப் பொறுத்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

செய்தி வந்தபோது நான் ஆத்தூரில் மகள் வீட்டில் இருந்தேன். எதிர்க் கடைக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். பேசியது அவர் மனைவி அன்னம்மாள். "அண்ணே, போயிட்டாருண்ணே. வெந்நி வச்சு எடுத்துட்டு வந்து பாக்குறேன், மூச்சு இல்ல." அந்த வெந்நீர் எதற்கென்று எனக்குத் தெரியும். திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதுதான் மனதில் நின்றது.

அவரும் நானும் தோல் பதனிடும் ஒரே தோல்ஷாப்பில் வேலை பார்த்தோம். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை மிதித்துப் புரட்டுவது எங்கள் வேலை. நான் பள்ளிக்கூடம் போனதில்லை; டீக்கடைப் பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அவர் அதுவும் படிக்கவில்லை. இருவருக்கும் சுண்ணாம்பு தின்ற கால்கள்தான். ஆனால் அவருடையது மோசம். பாளம் பாளமாக வெடித்து, நகம் கறுத்து, எந்தச் சோப்புக்கும் போகாத வாடையோடு இருக்கும்.

அவரை எழுப்பி அனுப்பிய அந்த வருடம், ஒவ்வொரு அன்பியமும், அதாவது தெருவாரியான ஜெபக் குழுவும், ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவின் அன்பியம் சவரிமுத்துவின் பெயரைக் கொடுத்தது. தவக்காலத்தின் நாற்பது நாளும் அவர் குழாயடியில் உட்கார்ந்து செங்கல் துண்டால் காலைத் தேய்த்தார்.

"ஏலே சவரி, சாமியார்தானே கழுவப் போறாரு. நீ எதுக்குலே இம்புட்டுத் தேய்க்கிற?"

"கழுவிட்டு முத்தி செய்வாருல்லண்ணே. உதட்டுல குத்திறக் கூடாது பாருங்க."

அன்று மாலை பூசைக்கு முன்னால், பங்குப் பேரவையின் செயலாளர் பன்னிரண்டு பேரின் கால்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன், அவருக்கே தெரியும். சவரிமுத்து உட்கார்ந்திருந்த பன்னிரண்டாம் நாற்காலிக்கு முன்னால் நின்றார். "என்னப்பா இது? இந்தக் காலயா சாமி முத்தி செய்யணும்? செத்த எந்திரி." அந்த நாற்காலியில் ஒரு துணிக்கடைக்காரரை உட்கார வைத்தார். நான் எழுந்து கத்தினேன். சவரிமுத்து என் கையைப் பிடித்து, "அண்ணே, பூசை ஆரம்பிக்கப் போகுது" என்றார். நான் உதறிவிட்டு வெளியே வந்தேன். அதன்பிறகு கோவிலுக்குள் போகவில்லை.

சவரிமுத்து தொடர்ந்து போனார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. "ரோஷங்கெட்டவனே, இன்னுமா அங்க போற?" என்று ஷாப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "எந்திரின்னு சொன்னது நாற்காலி போட்டவருண்ணே. வீட்டுக்காரரான ஆண்டவரு ஒண்ணும் சொல்லலயே" என்றார். சில மாதங்கள் நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த பெரிய வியாழன் அவர் பன்னிரண்டாம் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் கோவில் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் பதறி ஓடிவந்து, பின்னால் போகச் சொன்னார். "நான் நாற்காலியில உக்காரலயே உபதேசியாரே. தரையுமா நீங்க போட்டது?" என்று சவரிமுத்து கேட்டது வாசல் வரை கேட்டது. தண்ணீர்த் தட்டு பன்னிரண்டாவது ஆள் வரை வந்து திரும்பிப் போனது. வருடாவருடம் அப்படித்தான். சாமியார்கள் மாறினார்கள், தட்டு திரும்புகிற இடம் மாறவில்லை.

"காலை நீட்ட வேண்டியதுதானலே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேட்டு வாங்குறதுக்கு இது ரேசன் இல்லண்ணே."

பிறகு ஷாப்பை மூடினார்கள். பலர் குடியில் விழுந்தார்கள். நானும் நாமெல்லாம் இனி எதற்கு ஆவோம் என்று சுருண்டு கிடந்தேன். அவர் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். காலையில் அன்னம்மாள் வைத்துக் கொடுக்கிற வெந்நீரில் காலை ஊறவைத்து, தேய்த்து, எண்ணெய் தடவிவிட்டுத்தான் கிளம்புவார். "இன்னும் யாருக்குடா இந்த அலங்காரம்?" என்றேன். சிரிக்காமல் சொன்னார்: "ஆண்டவரு கழுவுறதுக்குன்னு வச்சிருக்க காலுண்ணே. வார வரைக்கும் நாந்தான் பாத்துக்கிறணும்." அன்று நான் எழுந்து உட்கார்ந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அடக்கத்தன்று அதே செயலாளர் வெள்ளை சாக்ஸ் வாங்கி வந்தார். பெட்டியில் கிடந்தவரின் காலில் போடக் குனிந்தார்.

"கைய எடுய்யா" என்றேன்.

"பெரியவரே, ஜனங்க பாக்க வருவாங்க. கால் நல்லா இல்ல."

"இத்தன வருசமா நீ பாக்காத காலு. இன்னைக்கு ஒரு நாளு பாரு."

யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அப்போது தலைமாட்டில் இருந்த அன்னம்மாள் எழுந்து வந்து, அந்தச் சாக்ஸை வாங்கிச் செயலாளர் கையிலேயே திரும்ப வைத்தார். "போடாதீங்க. மூடிக்கிட்டுப் போனா, அங்க அவரு எதக் காட்டுவாரு?"

சவரிமுத்து கால் தெரியத்தான் கல்லறைக்குப் போனார்.

அவர் காலைத் தேய்த்த செங்கல் துண்டை அன்னம்மாளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவரைப் போலப் பொறுக்க எனக்கு வராது. ஆகவே சொல்கிறேன். வரும் பெரிய வியாழனுக்குப் பங்குத்தந்தை காலைப் பார்க்காமல் ஆளைக் கூப்பிட வேண்டும். செயலாளர் அன்னம்மாளின் வீட்டுக்குப் போய், அன்று செய்தது தப்பு என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த வருடத்தோடு பெயர் கொடுப்பதை நிறுத்திய எங்கள் அன்பியம் மறுபடியும் கொடுக்க வேண்டும். உட்காரப் போகிற பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரக்கூடாது. நான் கேட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டும், வருவேன். பன்னிரண்டாம் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில், சம்மணம் போட்டு உட்காருவேன். காலை நீட்ட மாட்டேன். கூப்பிட வேண்டியது நீங்கள்.